யாரும் பாக்கலையே?

தேக்கா சந்தையில் மீன் கடைகள் இருக்கும் பக்கம் தரை எப்போதும் வழுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர் அங்கே சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நல்ல மனிதர், பாவம். வாங்கிய மீனெல்லாம் சிதறிக் கிடக்க, ஒரு நண்டுக் கூடைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். செய்தி தெரிந்ததும் சங்கத்து மேடத்துக்குப் போன் போட்டேன். விழுந்துவிட்டார் என்றேன், எலும்பு முறிந்திருக்கிறது என்றேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாரும் பாக்கலையே?"

ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவும் தேக்காவில்! சிங்கப்பூர்த் தமிழர்களில் பாதிப் பேர் அங்கேதான் கோழிக்கும் கறிவேப்பிலைக்கும் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். மீன்காரர் பார்த்தார் என்று சொன்னேன். மீன்காரரை விடும்மா, நம்ம ஆளுங்க யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். தலையில் அடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

கோவிட் வருவதற்கு முந்திய நாலைந்து வருடம் நான் மேடத்தின்கீழ் அந்தச் சங்கத்தில் குப்பை கொட்டினேன். அவருக்குப் பெயர் உண்டு, நல்ல பெயர்தான். ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேடம் என்றால் மேடம்தான். தொழில் வீடு விற்பது. ஈரம் கசியும் வீட்டைக்கூட "நல்ல காத்தோட்டம்" என்று சொல்லி விற்றுவிடும் குரல் அவருக்கு. குடியிருந்தது மார்சிலிங்கில், ஒரு சாதாரண அரசாங்க அடுக்குமாடியில். ஆனால் வீடு எங்கே என்று யாராவது கேட்டால் உட்லண்ட்ஸ் என்பார், அது கொஞ்சம் கௌரவமான பெயராம். மார்சிலிங்கும் உட்லண்ட்ஸும் பக்கம் பக்கம்தானே என்று ஒருமுறை வெள்ளந்தியாகக் கேட்டுவைத்தேன். ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

சங்கத்தில் அவர் இளையர் பிரிவுக்குத் தலைவி. நான் துணைச் செயலாளர், அதாவது மண்டபம் பதிவு செய்து வடைக்குச் சொல்லி வைக்கும் ஆள். ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் இளையர்களுக்கு மது விழிப்புணர்வு நிகழ்ச்சி நடக்கும். அதுதான் மேடத்தின் பெருமை, அடையாளம், உயிர் மூச்சு எல்லாம். பதாகையில் மதுப்புட்டியின் படம் சின்னதாக இருக்கும், மேடத்தின் படம் பெரிதாக இருக்கும். அச்சடிப்பவர் தெரியாமல் ஒரு வருடம் இரண்டையும் ஒரே அளவில் போட்டுவிட்டார். மேடம் மறுபடி அடிக்கச் சொன்னார்.

பட்டுப்புடவை கட்டி, தேக்கா மாடித் தையல்கடையில் தைத்த ரவிக்கை போட்டு, ஒலிவாங்கியைப் பிடித்தாரென்றால் லேசில் விடமாட்டார். முதலில் திரையில் கன்னங்கரேலென்று ஒரு கல்லீரல் வரும். பிள்ளைகள் "ஈயூ" என்பார்கள். அதோடு உடம்பு முடிந்தது. மீதி நேரம் முழுக்க மானம். அப்பா தலை குனிவார், அம்மா கோயிலுக்குப் போக முடியாது, ஊர் என்ன பேசும், உறவு என்ன பேசும். ஒரு கதை தவறாமல் வரும். நல்ல குடும்பத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பவள், கூட்டாளிகளோடு, ஆற்றோரம் மதுக்கடைகள் வரிசையாக இருக்கும் கிளார்க் கீயில் கையில் கோப்பையோடு நின்றாளாம். யாரோ ஒரு மாமா பார்த்துவிட்டாராம். பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனதாம். இந்த இடத்தில் மேடத்தின் தொண்டை கம்மும், முன்வரிசைத் தாய்மார்கள் பெருமூச்சு விடுவார்கள்.

நான் ஓரத்தில் நின்று பிள்ளைகளின் முகங்களைப் பார்ப்பேன். அந்தக் கதையிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. கிளார்க் கீக்குப் போகக்கூடாது. மாமாக்கள் வராத இடமாகப் பார்த்துக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெண் என்ன குடித்தாள், எவ்வளவு குடித்தாள், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாளா என்று மேடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மாமா பார்த்ததுதானே கதை.

பேச்சு முடிந்ததும் நாடகம். நாடகத்தில் குடிகாரன் எப்போதும் கைலி கட்டியிருப்பான். மையில் வரைந்த மீசை, கழுத்தில் துண்டு, ஊர்ப் பேச்சு. கட்டுமான வேலைக்கு வந்த ஆள் என்று பார்த்தவுடன் புரிந்துவிடும். பார்க்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் அப்பாக்களோ போலோ சட்டை போட்டு அலுவலகம் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்கள். அப்படி ஓர் அப்பாவை நாடகத்தில் வைக்கலாமே என்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "நம்ம வீட்ல அப்படியா லா?" என்று மேடம் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள், பேச்சு வடை எத்தனை சொல்வது என்பதற்குப் போய்விட்டது. குடிகாரன் வேடத்துக்குப் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். நல்ல வசனமெல்லாம் அவனுக்குத்தான்.

ஒரு வருடம் மட்டும் கொஞ்சம் உருப்படியாக ஏதாவது நடந்துவிடும் போலிருந்தது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் தமிழ்த் தாதி ஒருவரை நான் அழைத்து வந்திருந்தேன். அந்தப் பெண் மேடை ஏறியதும் கல்லீரலைத் தொடவே இல்லை. உங்க வயசுல கல்லீரல் கெட்டு யாரும் எங்ககிட்ட வர்றதில்ல, ஒரே நாள்ல அளவுக்கு மேல குடிச்சுட்டு மூச்சுத் திணறித்தான் வர்றாங்க என்று ஆரம்பித்தார். சின்ன உடம்புக்குச் சீக்கிரம் ஏறும், வெறும் வயிற்றில் இன்னும் சீக்கிரம் ஏறும், பழரசத்தில் கலந்தால் எவ்வளவு உள்ளே போகிறதென்றே தெரியாது என்றார். குடிக்காமல் இருப்பதுதான் நல்லது, ஆனால் கூட்டாளி ஒருத்தர் குடித்து மயங்கிக் கிடந்தால் தூங்கட்டும் என்று விட்டுப் போகாதீர்கள் என்றார். கோப்பி ஓ, அதாவது பாலில்லாத காப்பி, கொடுத்தால் தெளியாது, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டினாலும் தெளியாது என்றார். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எப்படி என்று காட்டுகிறேன், யாராவது ஒருத்தர் வாங்க என்றார்.

முன்வரிசையிலிருந்து சுரிதார் போட்ட ஒரு பெண் துணிச்சலாக எழுந்து மேடைக்குப் போனாள். தாதி பாயை விரித்தார். அந்தப் பெண் பாயில் உட்காரப் போகும் நேரத்தில் மேடம் ஒலிவாங்கியை வாங்கிவிட்டார். நேரமாகிவிட்டது, தேநீர் தயார், அனைவருக்கும் நன்றி. தாதி கையில் பாயின் முனையோடு அப்படியே நின்றார்.

பின்னால் அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய் மேடம் பொரிந்து தள்ளினார். வயசுப் பெண்ணை மேடையில் படுக்க வைப்பதா, எத்தனை அப்பாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், யாராவது போனில் படம் எடுத்துப் போட்டால் என்ன ஆகும். அதோடு விட்டாரா? "குடிக்காதன்னு சொல்லச் சொன்னா, எப்படிக் குடிக்கணும்னு பாடம் எடுக்குது அந்தப் பொண்ணு" என்றார். அடுத்த வருடம் தாதிக்கு அழைப்பில்லை. கல்லீரல் திரும்ப வந்தது.

மேடத்தை வெறும் வேஷக்காரி என்று தள்ளிவிடவும் முடியாது. அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. யாராவது வீட்டில் சாவு என்றால் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். சவப்பெட்டி, பூ, சாப்பாடு எல்லாவற்றையும் ஒரு ஆளாகக் கவனித்துக்கொள்வார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். குடித்துக் குடித்து ஒரு வாடகை அறையில் தனியாகச் செத்துக் கிடந்தாராம். வந்தவர்களிடமெல்லாம் மாரடைப்பு என்று சொல்லியே மேடம் காரியத்தை முடித்தாராம். இதை எனக்குச் சொன்னவர் பொருளாளர். கேட்டபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அதற்காக? தன் வீட்டில் வெந்ததை மூடி வைத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைலிக்காரனைக் காட்டினால், பரிதாபப்பட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டுமா? எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை.

என் அக்காவுக்கோ மேடம் என்றால் சாமி. மகள் பவித்ராவை ஒரு நிகழ்ச்சி விடாமல் கூட்டிக்கொண்டு கிளமெண்டியிலிருந்து வருவாள், முன்வரிசையில் உட்கார வைப்பாள், குறிப்பெடுக்கச் சொல்வாள். பவித்ராவும் மேடத்தின் பேச்சைக் குரல் மாறாமல் திருப்பிச் சொல்வாள். வீட்டில் மாமா பார்த்த கதையை அவள் நடித்துக் காட்டும்போது நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அப்போது அவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பதினேழு வயசு, குச்சி உடம்பு.

அந்த வருடம் மேடத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். லிட்டில் இந்தியாவில் ஒரு மாடி மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள். ஒரு மாதமாக மேடத்தின் வாயில் வேறு பேச்சில்லை. மண்டபத்துக்குள் மது கிடையாது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்.

நம் ஆட்களுக்கு அது ஒரு பிரச்சினையா? சிங்கப்பூரில் நம் விசேஷங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியும். மண்டபத்தில் மது இல்லையென்றால் கீழே கார் நிறுத்துமிடத்தில் யாராவது ஒரு மாமாவின் கார் பின்கதவு திறந்திருக்கும். உள்ளே ஐஸ் பெட்டி, புட்டிகள், பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு பொட்டலம் முறுக்கு. ஆண்கள் ஒவ்வொருவராக "காருக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று இறங்குவார்கள். இத்தனைக்கும் வார இறுதியில் அந்த வட்டாரத்தில் வெளியிடத்தில் குடிக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது வெளிநாட்டு ஊழியர்களுக்குப் போட்ட சட்டம் என்று நம் மாமாக்களுக்கு ஓர் எண்ணம். மேடத்துக்குக் கார் விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும். பின்பக்க மாடிப்படி வழியாகப் போங்க, அதே வழியா வாங்க, மிட்டாய் மென்னுட்டு வாங்க என்று அவரே தம்பிமாரிடம் சொல்லி வைத்ததை நான் என் காதால் கேட்டேன்.

அப்பாக்களுக்குக் கார் என்றால் பிள்ளைகளுக்கு மாடிப்படி. மண்டபத்துக்கு மேலே பூட்டிக் கிடந்த தளத்துக்குப் போகும் படியில் ஐந்தாறு பிள்ளைகள் உட்கார்ந்து, பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் போத்தலில் லைம் ஜூஸோடு வோட்கா கலந்து குடித்திருக்கிறார்கள். யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை. பவித்ரா காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவள். மடமடவென்று குடித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி, பிறகு பேச்சு குளறி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். பிள்ளைகள் முகத்தைக் கழுவிவிட்டார்கள். ஒருவன் ஓடிப் போய்க் கோப்பி ஓ வாங்கி வந்தான். அதை வாயில் ஊற்றினார்கள், அது வெளியே வழிந்தது. அம்மாவிடம் சொன்னால் கொன்றுவிடுவாள் என்று அவளுடைய தோழி ஷாலினி மேடத்திடம் ஓடினாள். வேறு யாரிடம் ஓடுவாள்? மதுவைப் பற்றிப் பேசுகிறவர் அவர்தானே.

அங்கே நடந்ததை ஷாலினி அழுதுகொண்டே பிறகு எனக்குச் சொன்னாள். மேடம் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி படியேறி வந்து, சுவரோரம் கிடந்தவளைப் பார்த்துவிட்டு, முதலில் மேலேயும் பிறகு கீழேயும் பார்த்தாராம். யாரும் பாக்கலையே என்று கேட்டாராம். இல்லை என்று பிள்ளைகள் தலையாட்டியிருக்கிறார்கள். இரண்டு வாட்டசாட்டமான பையன்களைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லி, பவித்ராவின் துப்பட்டாவாலேயே அவள் முகத்தை மூடி, பின்படி வழியாக இறக்கித் தன் காரின் பின்சீட்டில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார். ஏர்கான் போட்டு, தூங்கி எந்திரிச்சா சரியாயிடும், மோதிரம் மாத்துற நேரம், எல்லாரும் மேல போங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். பிள்ளைகளும் பின்னாலேயே வந்துவிட்டன.

நான் அப்போது மண்டபத்தில் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். குடும்பப் படம் எடுக்க அக்கா மகளைத் தேடினாள். கழிப்பறையில் இருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். ஷாலினி ஒரு மூலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். கார் என்றாள், மேடத்தோட கார் என்றாள்.

படிகளில் நான் இறங்கியது எனக்கு நினைவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மாமாக்கள் கோப்பையோடு நின்று கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கார் தள்ளித்தான் மேடத்தின் கார். பவித்ராவைத் தூக்கி வந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பெண்பிள்ளை சமாச்சாரம், நமக்கெதுக்கு என்று நாகரிகமாகத் திரும்பி நின்றுகொண்டார்களாம். நல்ல நாகரிகம்.

கதவைத் திறந்தேன். முகத்தில் துப்பட்டா அப்படியே கிடந்தது, நனைந்து ஒட்டிக்கொண்டு. எடுத்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன். அசைவில்லை. மூச்சு ஒன்று கொரகொரவென்று வந்தது, அடுத்ததற்கு நான் காத்திருந்தேன், அது வரமாட்டேன் என்றது. எங்கள் வீட்டுப் பெண் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

மறுமுனையில் ஒரு பெண், பதற்றமே இல்லாத குரல். ஆளை ஒருக்களித்துப் படுக்க வை, வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், வாயில் இருப்பது வெளியே வரட்டும், தண்ணீர்கூடக் கொடுக்காதே, மூச்சைப் பார்த்துக்கொண்டே இரு, பக்கத்தை விட்டு நகராதே. ஆங்கிலத்தில் நாலே வாக்கியம். நான் வடை சொல்லி வைத்த அத்தனை நிகழ்ச்சியிலும், தாதி பாதி சொன்னதைத் தவிர, எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காத நாலு வாக்கியம். பவித்ராவைப் புரட்டிப் போட்டேன். அவள் வாயிலிருந்து வந்தது என் புடவையெல்லாம் ஆனது.

அதற்குள் யார் சொன்னார்களோ, மேடம் இறங்கி வந்துவிட்டார். என் காதில் போனைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. பவித்ராவின் உதட்டைப் பார்த்து வெளுக்கவில்லை, போனைப் பார்த்துத்தான்.

"ஆம்புலன்ஸ் வேணாம்மா, சொன்னா கேளு. வாசல்ல வந்து நிக்கும். மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஜன்னல்கிட்டதான் உக்காந்திருக்காங்க. என் கார்லயே கொண்டு போயிடலாம், ஒரு பத்து நிமிஷம் பொறு, மோதிரம் மட்டும் மாத்திடட்டும்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார், கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. "எட்டிப் போ" என்று ஒருமையில் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அதுவரை அவரை நான் நீங்க என்று மட்டும்தான் பேசியிருந்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. சந்து நிறைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். லீவு நாளில் அங்கே கூடும் வெளிநாட்டு ஊழியர்கள் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மேலே ஜன்னலில் தலைகள். அக்கா செருப்பில்லாமல் ஓடி வந்து வண்டியில் ஏறினாள். நாங்கள் போன பிறகு மேலே மேடம் என்ன சொன்னார் தெரியுமா? சமையல்காரர்களோடு வேலைக்கு வந்த ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது என்றாராம். மாப்பிள்ளை வீட்டார் ஐயோ பாவம் என்றார்களாம். மோதிரம் மாற்றினார்கள், பாயசம் பரிமாறினார்கள்.

வாந்தி நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. குழாய் வைத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நானும் அக்காவும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். இன்னும் கொஞ்ச நேரம் மல்லாக்கக் கிடந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டியதே இல்லை என்று டாக்டர் சொன்னார். அக்கா அதைக் கேட்டு அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது நம்மோட இருக்கட்டும்டி, நிமோனியான்னு சொல்லிடலாம் என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எத்தனை வருடப் பாடம். ஆனாலும் எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

பவித்ரா பிழைத்தாள். குழாயை எடுத்து, சாதாரண வார்டுக்கு மாற்றி, கஞ்சி குடிக்க ஆரம்பித்த பிறகு மேடம் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழமும் திருநீற்றுப் பொட்டலமும். நாலு பேர் இருக்கும் வார்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு தமிழம்மா, காலில் கட்டோடு, எங்களைப் பார்த்துச் சிரித்தார். மேடம் பதிலுக்குச் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்து நெருக்கமாகப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார். நடந்தது நடந்துவிட்டது, வயசுக் கோளாறு, இனிமேல் புத்தியோடு இருக்கணும். வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது, பவித்ராவுக்கு எந்தக் கெட்ட பேரும் வராது. அந்த நேரத்தில் தனக்கு அந்த யோசனை வந்தது கடவுள் புண்ணியம். படியில் இறக்கும்போது யாராவது முகத்தைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"துப்பட்டாவப் போட்டு மூடச் சொன்னது நான்தான்" என்று அக்காவிடம் சொன்னார். நன்றியை எதிர்பார்த்த முகம்.

அக்காவும் வாயைத் திறந்தாள். நன்றிதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். பழக்கம் அப்படி. அதற்குள் பவித்ரா பேசினாள். குழாய் கிழித்த தொண்டை, கரகரவென்று, ஆனால் சத்தமாகத்தான் வந்தது.

"மூடினது எனக்கு ஞாபகம் இருக்கு மேடம். கண்ணத் தொறக்க முடியல, ஆனா எல்லாம் கேட்டுச்சு. மூஞ்சில துணி போட்டீங்க. நாலு பேரு சேந்து தூக்குன மாதிரி இருந்துச்சு. நான் செத்துட்டேன்னு நெனச்சேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லலையேன்னு நெனச்சேன்."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார். மேடம் அதைக் கவனித்தார். எழுந்து, கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரைச்சீலையைப் பிடித்து, வளையங்கள் கிறீச்சிட ஒரு சுற்று இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்கா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். மேடத்தின் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போய், அந்தத் திரையைக் கடைசிவரை தள்ளித் திறந்துவிட்டாள்.

"தொறந்தே இருக்கட்டும் மேடம்" என்றாள். "பாக்குறவங்க பாக்கட்டும்."